வளவாளருக்கு யார் துணை? திருகோணமலையில் மனித உரிமை கற்பிப்பவர்களின் வாய்ப்புகளும் வட்டங்களும்

திருகோணமலையில் யாரிடமாவது 'மனித உரிமை' என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேருக்கு நகரத்தில் இருக்கும் ஓர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். "மகன்ட விசயத்த மனித உரிமையில போட்டிருக்கிறம்" என்று பேசுவது இங்கே சாதாரணம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம்தான் அந்த 'மனித உரிமை'. வெறும் 'உரிமை' என்றாலோ காணி உறுதி, சீதனம், யாருக்கு எத்தனை பங்கு என்ற கதை. ஆகவே கிராமத்து மண்டபச் சுவரில் டெமி தாளை ஒட்டி, நடுவில் கொட்டை எழுத்தில் 'மனித உரிமைகள்' என்று எழுதியதும் முன்வரிசை அம்மா கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "தம்பி, நீங்க மனித உரிமையால வந்தனீங்களா?"

"இல்லை அம்மா, முறைப்பாடு எடுக்க வரவில்லை, சொல்லித்தரத்தான் வந்தோம்" என்று உண்மையைச் சொன்னால் கூட்டத்தில் கொஞ்சம் பேர் எழும்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முறைப்பாடு எடுப்பவரிடம் ஒரு மேசை, ஒரு முத்திரை, ஒரு கோவை இலக்கம் இருக்கிறது. சொல்லித்தருபவரிடம் மார்க்கர் பேனா மட்டும்தான். எங்கள் பக்கத்தில் அவரை வளவாளர் என்போம். வளம் தருபவர் என்று பொருள். அவருக்கு வளம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

யார் இந்த வளவாளர்கள்? ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உண்டு. சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் வந்த தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்து, நிறுவனம் மூடிய பிறகும் வேலையை விடாதவர்கள் உண்டு. சட்டம் படிக்கும் இளையவர்கள் உண்டு. இவர்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் என்று நான் நினைப்பது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்களை. 'ஆட்கொணர்வு மனு' என்ற சொல்லை எந்தச் செயலமர்வும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நீதிமன்ற வராந்தாதான் சொல்லிக் கொடுத்தது. இன்று பக்கத்து ஊர்ப் பெண்ணுக்கு மனு எழுத உதவும் அம்மாவும் மனித உரிமைக் கல்வியாளர்தான். சான்றிதழ் இல்லை, அவ்வளவே.

இந்த வேலைக்கு உலக அளவில் அங்கீகாரம் இல்லாமல் இல்லை. 1948 டிசம்பர் 10இல் ஏற்கப்பட்ட உலகப் பிரகடனத்தின் முகவுரையே, கற்பித்தலாலும் கல்வியாலும் இந்த உரிமைகளுக்கான மதிப்பை வளர்க்கப் பாடுபடுமாறு எல்லோரையும் கேட்கிறது. 26ஆம் உறுப்புரை, கல்வியின் நோக்கங்களில் ஒன்றே உரிமைகளுக்கான மரியாதையை வலுப்படுத்துவது என்கிறது. 1995 முதல் 2004 வரை மனித உரிமைக் கல்விக்கான ஐ.நா. தசாப்தம் நடந்தது. 2005இல் உலக நிகழ்ச்சித்திட்டம் தொடங்கியது. முதலில் பாடசாலைகள், அப்புறம் பல்கலைக்கழகங்களும் அரச ஊழியர்களும், அடுத்து ஊடகவியலாளர்கள், பின்னர் இளைஞர்கள் என்று கட்டம் கட்டமாக அது வந்திருக்கிறது. இதெல்லாம் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் மூதூரில் ஒரு மண்டபத்தின் சாவியை வாங்க இது உதவாது.

இவற்றில் களத்துக்கு உண்மையிலேயே பயன்படுவது 2011 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைக் கல்வி, பயிற்சி தொடர்பான பிரகடனம். அது இந்தக் கல்வியை மூன்றாகப் பிரிக்கிறது: உரிமைகளைப் பற்றிக் கற்பது, உரிமைகளை மதிக்கும் வழியில் கற்பது, உரிமைகளுக்காகக் கற்பது. முதலாவது இலேசு. அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தை ஒரு மணித்தியாலத்தில் சொல்லிவிடலாம். இரண்டாவதில்தான் எங்கள் வண்டவாளம் தெரியும். வெருகல் பக்கம் ஒருமுறை சமத்துவத்தைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். ஆண்கள் கதிரையில், பெண்கள் பாயில். ரீ கொண்டுவந்த பிள்ளை முதலில் எனக்கு, அப்புறம் கிராம உத்தியோகத்தருக்கு, அடுத்து கதிரைக்காரருக்கு என்று கொடுத்துக்கொண்டு போனது. பாய்க்கு வந்தபோது கோப்பை முடிந்துவிட்டது. அரசியலமைப்பின் சமத்துவம் பற்றிய 12ஆம் உறுப்புரையைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்று அங்கே ஒருவருக்கும் நினைவிருக்காது. கோப்பை முடிந்தது நினைவிருக்கும். அதன் பிறகு நான் கதிரைகளை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

சட்டப்படி இந்த நாட்டில் மனித உரிமையைக் கற்பிக்க வேண்டியவர் யார்? ஆணைக்குழுவை நிறுவிய 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், விழிப்புணர்வையும் கல்வியையும் அதன் பணிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. முறைப்பாடுகள் குவியும் ஒரு பிராந்திய அலுவலகத்தில் கல்வி எப்போதும் அடுத்த வாரத்து வேலையாகிவிடும் என்பதும் உண்மை. பாடசாலையில் குடியுரிமைக் கல்வி என்ற பாடம் இருக்கிறது, அதில் மனித உரிமையும் வருகிறது. மேல் வகுப்பில் அது விருப்பப் பாடம். பரீட்சைக்கு எது இலேசு என்று பார்த்துத்தான் பிள்ளைகள் தெரிவுசெய்கிறார்கள். ஆக மிச்சம் இருப்பது வளவாளர்தான்.

இனி எங்கள் மாவட்டம். பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பெருந்தொகையாக வாழும் இடம், ஒருவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. 2012 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, தமிழர் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட, சிங்களவர் காற்பங்குக்குச் சற்று மேலே. தம்பலகாமத்தில் நீர்ப்பாசனம் பற்றிப் பேச வேண்டும், குச்சவெளியில் தொல்பொருள் என்று எல்லைக்கல் போடப்பட்ட காணியைப் பற்றி, கிண்ணியாவில் நுண்கடனைப் பற்றி. சம்பூரில் 2006இல் இடம்பெயர்ந்தவர்கள் ஊர் திரும்ப ஒன்பது பத்து வருடம் ஆனது. அங்கே போய் 'நடமாடும் சுதந்திரம், வதியும் சுதந்திரம்' என்று பாடம் எடுக்க வளவாளருக்குத்தான் கூச்சமாக இருக்கும். கேட்பவர்களுக்கு அந்த உறுப்புரை முகாமிலேயே விளங்கிவிட்டது.

பேசாமல் கடந்துபோக முடியாத இரண்டு சம்பவங்களும் இருக்கின்றன. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்ட மாணவர்களின் படங்களை வெளிக்கொண்டுவந்த ஊடகவியலாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓகஸ்ட்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். மாணவர் வழக்கில் சந்தேகநபர்களாக இருந்த 13 பேரையும் 2019 ஜூலையில் போதிய சான்று இல்லையென்று நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சட்டத்தின் முன் சமத்துவம் என்று சொல்லும்போது பின்வரிசையில் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். பதில் சொல்லத் தெரியாமல் நிற்கப் பழகுவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. எந்தக் கைநூலிலும் அதற்கு அத்தியாயம் இல்லை.

சரி, வாய்ப்புகளுக்கு வருவோம். தேடினால் குறைவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மனித உரிமைகள் கற்கைக்கான நிலையம் 1991 முதல் இயங்குகிறது, டிப்ளோமாவும் நடத்துகிறது. மொன்றியலைத் தளமாகக் கொண்ட எக்குயிற்றாஸ் என்ற மனித உரிமைக் கல்வி அமைப்பு நடத்தும் சர்வதேசப் பயிற்சி, ஏற்கெனவே களத்தில் கற்பிப்பவர்களுக்கென்றே அமைந்தது. உரை கேட்பதைவிட தன் ஊருக்கான பாடத்தைத் தானே வடிவமைக்கும் முறை அதில் உண்டு. அவுஸ்திரேலியாவில் 1989இல், பின்னாளில் கிழக்குத் திமோரின் ஜனாதிபதியான ஜோசே ராமோஸ்-ஹோர்ற்றா தொடங்கிய இராஜதந்திரப் பயிற்சித் திட்டம், ஆசிய பசுபிக் நாட்டவர்களுக்கு ஐ.நா. பொறிமுறைகளைப் பயன்படுத்தச் சொல்லித் தருகிறது. 1996இல் தொடங்கிய எச்.ஆர்.ஈ.ஏ. என்ற மனித உரிமைக் கல்வி அமைப்பு தொலைக்கல்வி நடத்துகிறது. சர்வதேச மனித உரிமை அமைப்பான அம்னெஸ்ரியின் இணையவழிக் கற்கைகளை இலவசமாகக் கைபேசியிலேயே படிக்கலாம். டப்ளினில் உள்ள ஃப்ரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ் என்ற அமைப்பு, அச்சுறுத்தலுக்கு உள்ளானவர்களுக்குப் பாதுகாப்புக்கான சிறு நிதி கொடுக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் நடுவே மூன்று ஒடுங்கிய படலைகள் இருக்கின்றன. ஒன்று ஆங்கிலம். விண்ணப்பப் படிவத்தில் 'உங்கள் கற்பித்தல் அணுகுமுறையை 500 சொற்களில் விளக்குக' என்று இருக்கும். பதினைந்து வருடம் மாதர் சங்கங்களோடு வேலை செய்தவர் அந்தக் கட்டத்தில் திணறுவார், கொழும்பில் இரண்டு வருடம் அலுவலகத்தில் இருந்தவர் அழகாக நிரப்புவார். இரண்டாவது கொழும்பு. சாலை வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஒருநாள் கூட்டத்துக்கு இரண்டு இரவு ரயிலில். சின்னப் பிள்ளை உள்ள பெண் வளவாளருக்கு இந்தப் படலை அநேகமாகப் பூட்டியேதான் இருக்கும். மூன்றாவது, திட்டத்தின் ஆயுள். பதினெட்டு மாதம் நிதி, பதினேழாவது மாதம் அறிக்கை, பத்தொன்பதாவது மாதம் அலுவலகத்துக்கு வாடகைப் பலகை. ஒரு கிராமம் வளவாளரை நம்பத் தொடங்கவே ஒரு வருடம் எடுக்கும் என்பது அந்தக் கணக்கில் வராது.

இந்தப் படலைகளை அகலமாக்கும் வழி சின்னதுதான். விண்ணப்பத்தைத் தமிழில் குரல்பதிவாக வாங்கலாம். தெரிவு நேர்முகத்தைக் கைபேசியில் வைக்கலாம். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு வளவாளருக்கு ஒரு மாணவர் என்று சேர்த்துவிட்டால் படிவமும் நிரம்பும், மாணவருக்குக் களமும் கிடைக்கும். நான் பார்த்தவரையில் இது நடப்பது தனிப்பட்ட பழக்கத்தால்தான். ஓர் ஒழுங்காக யாரும் செய்யவில்லை.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயலமர்வு முடிந்த மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். குரல் மரியாதையாகத்தான் இருக்கும். "நேற்று கூட்டம் வச்சனீங்களாமே, எத்தனை பேர், பெயர்ப் பட்டியல் இருக்கா?" 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்த மரியாதையே போதும். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்த 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்குப் பிறகு வட்ஸ்அப் குழுவில் ஒரு பாடக்குறிப்பைப் போடவும் சிலர் தயங்குகிறார்கள். 1998இல் ஐ.நா. ஏற்ற மனித உரிமைக் காப்பாளர்கள் பற்றிய பிரகடனம், கல்வியாலும் பயிற்சியாலும் பொதுமக்களை விழிப்பூட்டுவதை முக்கியமான பங்களிப்பாகச் சொல்கிறது. அதாவது கற்பிப்பவரும் காப்பாளரே. இது நாட்டுச் சட்டமாகாது என்றாலும், அந்தப் பிரகடனத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றைப் பையில் வைத்திருப்பவரின் குரல் தொலைபேசியில் கொஞ்சம் நிமிர்ந்து ஒலிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் வட்டம் வேண்டும். வட்டம் என்று நான் சொல்வதைப் பெரிய வலையமைப்பாக நினைத்துவிட வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் எட்டுப் பத்துப் பேர் கூடுவது. அந்த மாதம் யாருக்கு அழைப்பு வந்தது, யார் என்ன பதில் சொன்னார், பெயர்ப் பட்டியலைக் கொடுக்காமல் எப்படிச் சமாளித்தார் என்று பேசிக்கொள்வது. தனியாக ஒரு கிராமத்துக்குப் போகாமல் இருவராகப் போவது. போய்ச் சேர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி, திரும்பியதும் ஒன்று. மூதூருக்கு இயந்திரப் படகில் போன காலத்தில் கடைசிப் படகைப் பிடிக்கும் அவசரத்தில் பாதிப் பாடத்தோடு ஓடியிருக்கிறோம். இப்போது பாலங்கள் வந்துவிட்டன. ஆனால் இருட்டிய பிறகு பெண் வளவாளரை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து வீட்டில் விடும் ஆள் இன்னும் வேண்டியிருக்கிறது.

கிராமத்துக்குள்ளே ஆதரவு தருவது பெரும்பாலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் மரண உதவிச் சங்கமும். இரண்டாவதைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். ஊரில் எல்லா வீட்டுக்கும் போகக்கூடிய, எல்லா வீட்டுத் தொலைபேசி இலக்கமும் உள்ள ஒரே சங்கம் அதுதான். கதிரை, கூடாரம், பெரிய ரீ பானை எல்லாம் அவர்களிடம் இருக்கும். பள்ளிவாசல் நிர்வாகமோ கோவில் அறங்காவலர் சபையோ இடம் கொடுத்தால் இன்னும் நல்லது, கூட்டத்துக்கு ஒரு கௌரவம் வரும். அதற்கு ஒரு விலையும் உண்டு. கோவில் மண்டபத்தில் வைத்துக்கொண்டு சாதியைப் பற்றியும், பள்ளிவாசல் கட்டடத்தில் வைத்துக்கொண்டு பெண்களின் திருமண வயதைப் பற்றியும் எவ்வளவு தூரம் பேச முடியும்? பல்தேவைக் கட்டடத்தின் சுழலாத மின்விசிறியே மேல் என்று தோன்றிய நாட்களும் உண்டு.

வட்டம் எதற்கு என்று எனக்கு விளங்கியது 2018இல். நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவது பற்றிச் சர்ச்சை எழுந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. அதுவரை உரிமை பற்றி எங்களிடம் பாடம் கேட்டவர்களில் பலர், எங்கள் பாடசாலையின் பாரம்பரியம் எங்கள் உரிமை இல்லையா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. நெடுங்காலம் பறிகொடுத்துக்கொண்டே வந்த ஒரு சமூகம் கையில் இருப்பதை இறுக்கிப் பிடிக்கும்தான். பின்னர் மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்து, நியாயம் ஆசிரியைகளின் பக்கம் என்று கண்டது. எங்கள் வட்டத்தில் அந்த ஞாயிறு ரீ ஆறிப்போனது. தமிழ் வளவாளர் ஒருவர், அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும்தான் கொடுக்கிறது என்று மட்டும் சொன்னார். அதைச் சொன்னதற்காக அவருடைய தெருவில் சிலர் ஒரு வருடம் அவரோடு கதைக்கவில்லை. அந்த ஒரு வருடமும் அவரோடு கதைத்தவர்கள் வட்டத்துக்காரர்கள். சமூக ஆதரவு என்று நிதி விண்ணப்பங்களில் எழுதுகிறோமே, எனக்கு அதன் பொருள் இதுதான்: சொந்தச் சனத்தோடு முரண்பட வேண்டிவரும் நாளில் போய் உட்கார ஒரு முற்றம்.

பாடத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகம் பயன்படுபவை காலக்கெடுக்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எங்கள் சனங்களுக்குத் துக்கமும் பயமும் தீரவே அந்த ஒரு மாதம் போய்விடும். ஆனால் அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. இதை ஒரு ஊருக்குச் சொன்னாலே அன்றைய பஸ் காசு நியாயமாகிவிடும். ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கமும் 1996தான், மறக்கவே தேவையில்லை.

அதைவிடக் கைமேல் பலன் தருவது தகவலறியும் உரிமை. 2015இல் 19ஆம் திருத்தம் அதை 14அ உறுப்புரையாக அரசியலமைப்பில் சேர்த்தது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழு. உரிமை என்றால் ஏதோ ஜெனீவாக் கதை என்று நினைப்பவர் கையில் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்து எழுதச் சொல்லும்போது பாடம் அவருடையதாகிறது.

மூதூர் பக்கம் ஒரு மாதர் சங்கம் தங்கள் ஊர் உள்வீதிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, எவ்வளவு தூரத்துக்கு என்று கேட்டு எழுதியது. எழுதியது செயலாளர், கையெழுத்து தலைவி. அனுப்பும்போது தலைவியின் கை நடுங்கியது, பதிவுத்தபால் பற்றுச்சீட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பதினோராவது வேலைநாள் பதில் வந்தது, முழுவதும் சிங்களத்தில். வடக்கு கிழக்கில் தமிழே நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்வதை அந்தக் கடிதம் படித்திருக்கவில்லை. செயலாளர் அதைப் படமெடுத்து எங்கள் வட்டத்துக் குழுவில் போட்டார். கந்தளாயில் இருக்கும் சிங்கள வளவாளர் ஒருவர், வயலில் நின்றபடியே, வரி வரியாகத் தமிழில் குரல்பதிவு அனுப்பினார். பின்னணியில் உழவு இயந்திரத்தின் இரைச்சல். தொகையைச் சொன்னார், தூரத்தைச் சொன்னார், கடைசியில், "அக்கா, இத ரோட்டுல போய் நடந்து அளந்து பாருங்க" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு பெண்கள் மீன்வலைக் கயிற்றில் பத்து மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வீதியை அளந்தார்கள். கடிதத்தில் இருந்த தூரம் முடிய முன்னரே கொங்கிறீற்று முடிந்து மணல் தொடங்கிவிட்டது. அடுத்த படியான மேன்முறையீட்டையும், பதிலைத் தமிழில் தரவில்லை என்று அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு முறைப்பாட்டையும் அவர்களே எழுதினார்கள். நான் போனபோது உறை ஒட்டியாகிவிட்டது. முத்திரைக்கு மட்டும் சில்லறை கேட்டார்கள்.